சிற்றில், பாய், பரண்

பட்டினப்பாலையில் ஒரு காட்சி வரும். சோழநாட்டில் ஒரு வீட்டின் அகன்ற முற்றம். தானியம் காய்கிறது. கொத்த வரும் கோழியை விரட்ட, ஒரு பெண் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். அது போய், சிறுவன் ஒருவன் குதிரையில்லாமல் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குக் குறுக்கே விழுந்து வழியை மறிக்கிறது. பட்டிமன்றங்களில் இதைச் சோழநாட்டுச் செல்வச் செழிப்புக்கு உதாரணமாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தங்கத்தைத் தூக்கிக் கோழிமேல் எறிகிற ஊர், பாருங்கள்!

இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் இருந்துகொண்டு படித்தால் அந்த வரிகள் வேறு மாதிரித் தெரிகின்றன. தரையில் ஒரு பொருள் கிடக்கிறது, விளையாட்டுச் சாமான் அதில் முட்டி நிற்கிறது. அடுத்தாற்போல் ஒரு கேள்வி வருகிறது: அந்தச் சிறுதேரை ராத்திரி எங்கே வைத்திருப்பார்கள்? குழந்தையின் பொருளுக்கு வீட்டில் இடம் எது? மூலை முடுக்கெல்லாம் வரலாறு எழுதப்பட்ட தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைப் பெரிதாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் வரலாறு உண்டு என்றால், குழந்தைகள் தூங்குகிற அறைக்கும் இருக்கத்தானே வேண்டும்.

மணலில் கட்டிய வீடு

பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிப்பார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பறையும் தேரும் பையனுடைய பொருள்கள். சிற்றில் அவனுடையது அல்ல. அது தெருவில் பெண்குழந்தைகள் மணலில் கட்டும் குட்டி வீடு. பையன் வந்து காலால் அதைச் சிதைப்பான், பெண்பிள்ளைகள் ‘சிதைக்காதே’ என்று கெஞ்சுவார்கள். அந்தக் கெஞ்சல்தான் பருவத்தின் பாட்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பத்து முழுக்க இதே வேண்டுகோள்தான், கண்ணனை நோக்கி.

பக்திக்கும் காதலுக்கும் அதில் இடமிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கவிதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நடந்ததை மட்டும் பார்க்கலாம். ஒரு சிறுமி தனக்கென ஓர் இடத்தை வரைந்துகொள்கிறாள். அடுப்பு இங்கே, வாசல் அங்கே என்று ஒழுங்கும் செய்து வைக்கிறாள். கூட விளையாடுகிற பையன் வந்து கலைக்கிறான். பெரியவர்கள் அதை ரசிக்கிறார்கள். ஓர் இலக்கிய வகைமையில் தனிப் பருவமாகவே ஆகிவிடும் அளவுக்கு ரசித்திருக்கிறார்கள். அக்காவும் தம்பியும் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் இன்றும் இதுதான் தினமும் நடக்கிறது. அதற்கு நாம் சொல்லும் பதிலும் மாறவில்லை: “தம்பிதானே, விட்டுக்கொடு.”

கூடமும் பாயும்

நம் பழைய வீடுகளில் குழந்தைகள் அறை என்று ஒன்று கிடையாது. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் நீள நீளமாக உள்ளே ஓடும் வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை உண்டு. லால்குடிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் இவற்றில் பாதி இருக்கும். இரண்டிலுமே இடத்துக்குப் பெயர் உண்டே தவிர ஆளுக்கு இடம் கிடையாது. பகலில் நெல் அளக்கும் கூடம் ராத்திரி எட்டுப் பேர் படுக்கும் இடமாகிவிடும். அந்த மாற்றத்தைச் செய்தது பாய். முசிறிப் பக்கத்துக் கோரைப்பாயை விரித்தால் படுக்கையறை, சுருட்டி மூலையில் சாத்தினால் கூடம். கைக்குழந்தைக்கு அதுகூட வேண்டாம். உத்தரத்தில் அம்மாவின் பழைய சேலையைத் தூளியாகக் கட்டினால் அதுதான் அறை. அவிழ்த்தால் மறுபடியும் சேலை.

இது நமக்கு மட்டும் உரியதல்ல. 1960-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ், குழந்தைப்பருவத்தின் வரலாறு பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் சொன்ன எல்லாவற்றையும் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் வீடு பற்றி அவர் காட்டிய ஒன்று முக்கியமானது: ஐரோப்பாவிலும் படுக்க ஓர் அறை, சாப்பிட ஓர் அறை என்று வீடு பிரிந்தது மிகப் பிந்தித்தான். அதுவரை ஒரே அறையில்தான் எல்லோரும் எல்லாம் செய்தார்கள். குழந்தைக்குத் தனி அறை என்பது மனித வரலாற்றில் நேற்று வந்த விருந்தாளி.

“அந்தக் காலத்துல எட்டுப் பிள்ளைங்க இருந்தோம், வீடு கண்ணாடி மாதிரி இருக்கும், இப்ப ரெண்டு வெச்சுக்கிட்டுக் கெடந்து முழிக்கிறீங்க” என்று பெரியவர்கள் சொல்லும்போது அதில் உண்மை இருக்கிறது. ஆனால் காரணத்தைத் தப்பாகச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒழுக்கமாக இருந்தார்கள், அதனால் வீடு சுத்தமாக இருந்தது என்பது அவர்கள் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் பொருளுக்கு வெளியே போகும் வழிகள் நிறைய இருந்தன.

வெளியே போகும் வழிகள்

கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும், உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் கிடைத்தன. சில்லு என்பது ஏற்கெனவே செத்துப்போன ஒரு பானையின் துண்டு. விளையாடி முடித்தால் தெருவிலேயே போட்டுவிட்டு வரலாம், நாளைக்கு வேறொன்று கிடைக்கும். நுங்கு தின்ற மட்டையில் செய்த வண்டி மூன்று நாளில் காய்ந்து போகும். பூவரசு இலைப் பீப்பி ஊதி முடிப்பதற்குள் கிழிந்துவிடும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும். பழைய விளையாட்டுச் சாமான்களில் பெரும்பகுதி ராத்திரி எடுத்து வைக்க வேண்டிய தேவையே இல்லாதவை. சிறுதேர் எங்கே இருந்தது என்று பட்டினப்பாலை சொல்லாமல் போனதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

மட்காதவற்றுக்கும் வழி இருந்தது. சட்டை அண்ணனிடமிருந்து தம்பிக்கு, அங்கிருந்து சித்தப்பா மகனுக்கு, அங்கிருந்து கரித்துணிக்கு. பாடப்புத்தகம் பாதி விலைக்கு அடுத்த வகுப்புக்கு. பழைய துணியைப் போட்டால் எவர்சில்வர் பாத்திரம், பழைய இரும்பைப் போட்டால் பேரீச்சம்பழம். வண்டிக்காரர் தெருவுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார். இதற்கு மேலும் தேங்கினால் வருஷத்துக்கு ஒரு முறை போகி.

நவராத்திரிக் கொலு இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகம். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கமில்லை, ஆனால் வைக்கிற வீட்டில் அதன் ஒழுங்கு அசாத்தியமானது. பரணிலிருந்து பெட்டி இறங்கும். பொம்மைகள் ஒன்பது நாள் படியில் நிற்கும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அப்புறம் பழைய வேட்டித்துணியில் சுற்றி மறுபடியும் பெட்டிக்குள், பரணுக்கு. வருஷம் முழுக்கக் கண்ணில் படாததால்தான் அடுத்த வருஷம் செட்டியார் பொம்மையைப் பார்க்கும்போது குழந்தைக்குப் புதிதாக இருக்கிறது. இன்றைய குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் பொம்மைகளை முறைவைத்து மாற்றச் சொல்வதும் இதைத்தான்.

2018-இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை 4 பொம்மைகள் உள்ள அறையில், இன்னொரு முறை 16 பொம்மைகள் உள்ள அறையில் விளையாட விட்டார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்து விதவிதமாகவும் விளையாடினார்கள். கொலு வைக்கும் பாட்டிகளுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

7.5 சதுர மீட்டர்

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதலில் வெளியானது 1970-இல். வீட்டில் இரண்டு அறைகள் இருந்தால் ஒன்று குறைந்தது 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது அது. 7.5 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 80 சதுர அடி. பத்துக்கு எட்டு. நம் ஊர் இரண்டு பெட்ரூம் வீடுகளில் ‘பசங்க ரூம்’ என்று கைகாட்டப்படும் அறை பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்கள், பிறகு தனியார் அடுக்ககங்கள் என்று இந்த அறை ஊர் ஊராகப் பரவியது. கூடம் ஹாலாகச் சுருங்கியது. பரண் லாஃப்ட் ஆனது. முற்றமும் கொல்லையும் கணக்கிலிருந்தே போய்விட்டன.

அதே காலத்தில் பொருளும் மாறியது. லெகோ கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28 அன்று. அந்த ஆண்டுக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடு பொருந்தும் என்பது அந்நிறுவனத்தின் பெருமை. 60 வருஷமானாலும் அது அப்படியேதான் இருக்கும். 1987-இல் ஃபன்ஸ்கூல் வந்தது, எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கியது. தொண்ணூறுகளுக்குப் பிறகு திருவிழாக் கடையில்கூட மரச்சொப்பை ஓரம் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் வந்து உட்கார்ந்தது. நுங்கு வண்டியைப் போல அது காய்ந்து போகாது. போகியில் கொளுத்தவும் முடியாது, கொளுத்தக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது. சித்தப்பா மகன் பெங்களூரில் இருக்கிறான், சட்டையை அனுப்பும் கூரியர் செலவுக்குப் புதுச்சட்டையே வாங்கிவிடலாம்.

எங்கள் தொழிலில் இதற்கு மெமரி லீக் என்று பெயர். புரோகிராம் ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் நினைவகத்தைக் கேட்டு வாங்கும், முடிந்ததும் திருப்பித் தராது. கம்ப்யூட்டர் மெதுவாகிக்கொண்டே வந்து ஒருநாள் நிற்கும். ரேமைக் கூட்டினால் இன்னும் இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். மாசத்துக்கு நாலு சாமான் உள்ளே வந்து, வருஷத்துக்குப் பத்து மட்டும் வெளியே போனால் வருஷக் கடைசியில் 38 மிச்சம். புதிதாக ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி அடுக்குவது ரேமைக் கூட்டுகிற வேலை.

சமயபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு உள்ளே வரும் கணக்கு இன்னும் கூடுதல். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் 15 கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினால் அம்மன் 28 நாள் பக்தர்களுக்காகப் பச்சைப்பட்டினி விரதம் இருப்பாள். அதிலிருந்து சித்திரைத் தேர் வரைக்கும் கூட்டம்தான். சொந்தக்காரர்கள் தரிசனம் முடித்து வீட்டுக்கு வருவார்கள். குழந்தை உள்ள வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது. சன்னதித் தெருவில் ஒரு ஹெலிகாப்டர், ஒரு துப்பாக்கி, ஒரு மீன்பிடிக்கும் செட். அன்பாகத்தான் வாங்கி வருகிறார்கள். அந்த அன்புக்குத்தான் 80 சதுர அடிக்குள் இடம் தேட வேண்டியிருக்கிறது.

அடையாற்றில் ஒரு தாழ்ந்த அலமாரி

குழந்தையின் இடத்தை ஒழுங்கு செய்வது எப்படி என்று ஆயுள் முழுக்க யோசித்த ஒருவர் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். மரியா மாண்டிசோரி. அவருடைய முதல் பள்ளி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில் தொடங்கியது. தொடங்கிய காரணம் நமக்கு நன்றாகவே புரியும். ஒரு கட்டட நிறுவனம் அங்கே ஏழைகளின் குடியிருப்பைப் புதுப்பித்திருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனதும் குழந்தைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கினார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அப்படித்தான் மாண்டிசோரி உள்ளே வந்தார்.

அங்கே சாதனங்களை ஆசிரியை பூட்டி வைப்பது வழக்கம். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். அவர் வந்து பார்த்தபோது குழந்தைகள் தாங்களே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மாண்டிசோரி இதைத் திருட்டாகப் பார்க்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்று குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கிறது, தேர்ந்தெடுக்கவும் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டார். உயரமான பூட்டிய அலமாரிக்குப் பதிலாகக் குழந்தைக்கு எட்டும் தாழ்ந்த திறந்த அலமாரி வந்தது இதன் பிறகுதான்.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறக்குறைய 300 பேர் முதல் பயிற்சியில் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரிநாட்டுக் குடிமகள் என்று பிரிட்டிஷ் அரசு அவரை அடையாறு வளாகத்துக்குள்ளேயே கட்டுப்படுத்தியது. மகன் மரியோவைக் காவலில் வைத்தது. மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டித்தான் மகன் விடுவிக்கப்பட்டார். பிறகு கொடைக்கானலில் கொஞ்ச காலம். 1946 வரை அவரால் ஐரோப்பா திரும்ப முடியவில்லை.

அவர் முறையில் மூன்று விதிகள் வீட்டு அறைக்கும் நேரே பொருந்தும். ஒவ்வொரு சாதனத்திலும் ஒன்றுதான் இருக்கும். இன்னொருவருக்கு வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது, தரையில் விரிக்கும் சிறு பாய். வேலை செய்கிற குழந்தை தன் பாயை விரித்து அதன்மேல் சாதனத்தை வைத்துக்கொள்ளும். அந்தப் பாயை வேறு யாரும் மிதிக்கக் கூடாது.

இந்த மூன்றாவது விதியைப் படித்தபோது எனக்குச் சிற்றில்தான் ஞாபகம் வந்தது. அந்தச் சிறுமிகள் கெஞ்சியது இவ்வளவுக்குத்தான். பாய் நம்மிடம் எப்போதும் இருந்தது. அதன் ஓரத்தை எல்லையாக மதிக்கும் பழக்கம்தான் இல்லாமல் போனது.

எங்கள் பத்துக்கு எட்டு

வீட்டில் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. அவர்கள் அறையை மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றினோம். முதலில் கணக்கு. ஆறுக்கு மூன்று அடி கட்டில் இரண்டு என்றால் 36 சதுர அடி. பீரோவுக்கு 5. கதவு திறக்க 6. மிச்சம் 33. கட்டிலை எடுத்துவிட்டு மெத்தையைச் சுருட்டி வைத்தால் மிச்சம் 69. இரு மடங்குக்கும் மேல். என் அம்மாவுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. “இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிக்கணுமாடா?” என்றார்.

அப்புறம் அலமாரி. மகனின் தோள் உயரத்துக்கு மூன்று தட்டு. இரண்டு பேருக்கும் பொதுவான சாமான் அந்தத் தட்டுகளில் அடங்குகிற அளவுதான். மற்றதெல்லாம் பெட்டியில், பரணில். ஒன்று இறங்க வேண்டுமென்றால் ஒன்று ஏற வேண்டும். சாத்துக்குடி அட்டைப்பெட்டி ஒன்று கதவோரம் இருக்கும். யாருக்காவது கொடுக்கலாம் என்று தோன்றுவதை அதில் போடலாம், நிறைந்ததும் பக்கத்து அங்கன்வாடிக்குப் போகும். முக்கியமான விதி: அந்தப் பெட்டியில் பெரியவர்கள் கைவைத்து எதையும் போடக் கூடாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து அறையைக் காலி செய்வது வேகமான வழிதான். ஆனால் காணாமல் போன பொருளைத் தேடும் குழந்தைக்கு அந்த அறை தன்னுடையது என்று அப்புறம் தோன்றாது.

அலமாரியையும் விட அதிகம் பேசியது இரண்டு தகரப்பெட்டிகளைப் பற்றி. ஹாஸ்டலுக்கு எடுத்துப் போவோமே, அந்த மாதிரி. ஆளுக்கு ஒன்று, பூட்டோடு. உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், மற்றவர் திறக்கக் கூடாது, அப்பா அம்மாவும்தான்.

“தம்பி அழுதாக் கூடவாப்பா?” என்று கேட்டாள் மகள்.

“அழுதாக் கூட.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மிட்டாய்த் தாள்களையும், மூக்கு உடைந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையும், ஒரு நோட்டையும் உள்ளே வைத்துப் பூட்டினாள். ஒரு வாரம் கழித்து, தம்பி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கலர் பென்சில் டப்பாவை அவளே எடுத்துப் பொதுத் தட்டில் வைத்தாள். யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் கொடுப்பதற்கு அர்த்தம் வருகிறது போலிருக்கிறது.

இதனால் அறை எப்போதும் பளிச்சென்று இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வீடு ஒழுங்கு செய்வதை உலகத்துக்கே சொல்லித்தந்த ஜப்பானியப் பெண்மணி மரி கோண்டோ, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு தன் வீட்டில் அந்த அளவு ஒழுங்கைக் கைவிட்டுவிட்டதாக 2023-இல் வெளிப்படையாகவே சொன்னார். எங்கள் அறையும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்த்தால் பூச்சொரிதல் முடிந்த தெரு மாதிரிதான் இருக்கும். ஆனால் கால்மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது, இடமில்லாததற்கு வெளியே போக ஒரு வழி இருக்கிறது. பாயை விரித்து மகள் உட்கார்ந்திருக்கும்போது மகன் ஓரத்திலேயே நின்று, “உள்ள வரட்டுமா?” என்று கேட்கிறான். சில நாள் வரச் சொல்கிறாள், சில நாள் இல்லை.

மாசி பிறந்துவிட்டது. மதுரையிலிருந்து பெரியம்மா வீட்டில் வருகிறார்கள், பேரனுக்குக் கரும்புத் தொட்டில் நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். கரும்பைத் தோளில் தாங்கி, சேலையில் பிள்ளையைப் போட்டுக் கோயிலைச் சுற்றிவிட்டு நேரே இங்கேதான் வருவார்கள். சன்னதித் தெரு வழியாகத்தான் வர வேண்டும். கீழ்த்தட்டில் ஒரு சாமானுக்கு இடம் காலி செய்து வைத்திருக்கிறோம்.